சிரிக்க வைத்தவர்களும் சிரிப்பைக் கெடுத்தவர்களும்

(1972–75 அணியின் 50-ஆம் ஆண்டு ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, எங்களைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்களாக இருந்தும் எங்களைவிட இளமையாகக் காட்சி தரும் பேராசிரியப் பெருமக்களே, என் அருமை வகுப்புத் தோழர்களே, "ஒரு மணி நேரத்துல திரும்பிடலாம்" என்று சொல்லி அழைத்துவரப்பட்ட அவர்களின் இல்லத்தரசிகளே!

செயலாளர் போன் செய்து, "உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம். தலைப்பு உங்க இஷ்டம். ஆனா சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி மட்டும் வேண்டாங்க. போன தடவை எல்லாரும் அதைத்தான் பேசினாங்க" என்றார். சரி, சிரிப்பைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவு செய்தேன். நான் மேடையில் நேரில் பார்த்த நகைச்சுவையாளர்களில் மிகச் சிறந்தவர் யார், மிக மோசமானவர் யார் என்பதே என் பேச்சு. சினிமா இதில் சேர்த்தியில்லை. சினிமாவில் சிரிப்பு வராத இடத்தை வெட்டிவிடலாம். மேடையில் சொன்னது சொன்னதுதான். எதிரே இருப்பவன் சிரித்தால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான்.

கோயமுத்தூர்க்காரனைச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இங்கே அந்தச் சரக்கு தெருவுக்குத் தெரு இலவசமாகக் கிடைக்கிறது. நாம் படித்த காலத்தில் காந்திபுரம் டவுன் பஸ்ஸில் ஒருவர் படியில் தொங்கிக்கொண்டு வந்தார். கண்டக்டர் கோபப்படவே இல்லை. "ஏனுங்க, உள்ளே ஊடு மாதிரி எடங்கெடக்குது, வாங்க. தொங்கறதுக்குன்னு தனி டிக்கெட் எங்ககிட்ட இல்லீங்க" என்றார். மரியாதை ஒரு துளி குறையவில்லை, ஆள்தான் மிஞ்சவில்லை! இதைத்தான் வெளியூர்க்காரர்கள் கோவைக் குசும்பு என்கிறார்கள். உடுமலைப் பக்கம் வல்லக்குண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி இதையே சினிமாவுக்குக் கொண்டுபோனார். "ங்க"வை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்.

என் அப்பா பார்த்தவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1957-இல் அவர் காலமானபோது எனக்கு மூன்று வயது. அப்பா அவருடைய கிந்தனார் கதாகாலட்சேபத்தை மேடையில் நேரில் கேட்டவர். நம்முடைய உடுமலை நாராயணகவி எழுதியது. 1949-இல் 'நல்லதம்பி' படத்திலும் வந்தது. கிந்தன் என்கிற ஒடுக்கப்பட்ட சிறுவன் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிற கதை. அப்பா சொல்வார்: "யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்றார்னு கவனிக்கணும்டா. கிந்தனைப் பார்த்தா சிரிச்சோம்? அவனைப் படிக்க விடாதவனைப் பார்த்தல்ல சிரிச்சோம்!" எனக்கு அப்போது அது புரியவில்லை. பிறகு எப்போது புரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பார்த்தவர்களில் முதல் இடம் கிருபானந்த வாரியார் சுவாமிகளுக்கு. ஆன்மிகச் சொற்பொழிவாளரைக் காமெடியன் பட்டியலில் சேர்க்கலாமா என்று கோபிக்காதீர்கள். தனி ஆளாக உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான பேரை இரண்டு மணி நேரம் சிரிக்கவும் வைத்து, சிந்திக்கவும் வைத்தவர் அவர். முன் வரிசைக் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார். தப்பான விடை சொன்ன குழந்தைகூட அழுது நான் பார்த்ததில்லை. கூட்டத்தின் நடுவே சிலர் எழுந்து போனபோது அவர் சொன்னதாக ஊரறிந்த கதை ஒன்று உண்டு. அனுமனுக்குச் "சொல்லின் செல்வன்" என்று பெயர். இங்கேயும் சிலர் இருக்கிறார்கள், நான் நல்லது சொல்லின், செல்வர்! போனவர்களைத் திட்டினாரா, அனுமன் பட்டம் கொடுத்தாரா? இரண்டும்தான். எழுந்தவன் சிரித்துக்கொண்டே மறுபடி உட்காரலாம். 1993-இல் அவர் மறைந்த பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

அடுத்து நாடகம். எண்பதுகளில் எஸ்.வி.சேகர் நாடகக் கேசட் ஓடாத கல்யாண வீடு உண்டா? சமையல்காரர் முதல் சம்பந்தி வரை வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிக் கொடுத்த மோகன், அந்த "கிரேசி"யையே பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு, 1979-இல் சொந்தக் குழு தொடங்கினார். அவரும் கிண்டி பொறியியல் கல்லூரியில் நாடகப் போட்டிக்கு எழுத ஆரம்பித்தவர்தான். நம்மில் பலரும் அப்படி ஆரம்பித்து, பேங்க்கில் போய் முடித்தோம். கோவையில் அவர் நாடகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். பாதி வசனம் கேட்கவே கேட்காது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் ஒரு ஜோக்கிலும் யாருக்கும் அடி விழுந்திருக்காது. மாது உளறுவான், சீனு மாட்டிக்கொள்வான், அவ்வளவுதான். வார்த்தைகள்தான் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு விழும். 2019 ஜூனில் அவர் போய்விட்டார்.

நோம்பி என்றால் பட்டிமன்றம் இல்லாமல் நம் ஊர்களில் முடியுமா? ராத்திரி பத்து மணிக்கு மேல் மாரியம்மன் கோயில் மைதானத்தில் பாய் விரித்து, சால்வை போர்த்திக்கொண்டு கேட்டிருக்கிறோம். சாலமன் பாப்பையா இரு அணியையும் சமமாகக் கிண்டலடிப்பார்; நடுவரான தன்னையும் விட்டுவைக்க மாட்டார். திண்டுக்கல் லியோனி சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டி அதன் குடலை உருவுவார். பின்னால் சுண்டல் விற்பவர் வியாபாரத்தை மறந்து நிற்பார். அதைவிடப் பெரிய விருது ஒரு பேச்சாளருக்குக் கிடையாது. பாப்பையாவுக்கு 2021-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது.

இப்போதைய பிள்ளைகள் 'ஸ்டாண்ட்-அப்' என்கிறார்கள். மகன் டிக்கெட் எடுத்து அலெக்சாண்டர் பாபு நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனான். ஒரு மைக், ஒரு ஆள். பழைய பாட்டைப் பாடுகிறார், நடுவே தன் சொந்த ஊரை, தன் கூச்சத்தை, தன் ஆசைகளைக் கிண்டல் செய்கிறார். அட, இது வாரியார் வேலையாச்சே, விபூதி மட்டும் இல்லை என்று தோன்றியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, இரண்டு இடத்தில் கண்ணில் தண்ணீரும் வந்தது.

இனி மோசமானவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள்.

முதல் ரகம், தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பவர். இரண்டாவது ரகம், பேப்பரைப் பார்த்து ஜோக் படிப்பவர். இவர்களால் கெடுதல் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் வரும். மூன்றாவது ரகம்தான் ஆபத்து. பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பில் இசைக்குழுவின் இடைவேளையில் ஒரு மிமிக்ரிக்காரர் வந்தார். குரலெல்லாம் அச்சு அசல். ஆனால் கைதட்டல் குறைந்ததும் முன் வரிசையில் இருந்த கொஞ்சம் பருமனான ஒரு பெண்ணைக் காட்டி ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அப்புறம் பந்திக்கு அவள் வரவில்லை. நான் கவனித்தேன். ஏன் கவனித்தேன் என்றால், அப்படிப்பட்ட சிரிப்பை எனக்கு முன்பே தெரியும்.

நான் நேரில் பார்த்ததிலேயே மிக மோசமான நகைச்சுவையாளன் 1974-இல் நம் விடுதி நாள் விழாவில் மேடையேறினான். எம்.ஆர்.ராதா குரல், சிவாஜி குரல், நாகேஷ் குரல் எல்லாம் போட்டான். கடைசியில், கைதட்டல் போதவில்லை என்று, தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வகுப்புத் தோழனின் திக்குவாயை அப்படியே செய்து காட்டினான். அன்றைக்கு வந்த கைதட்டல் அதற்கு முன்னும் பின்னும் அவனுக்குக் கிடைத்ததில்லை. அந்த மகானுபாவன் அடியேன்தான். உங்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கைதட்டினீர்கள். ஆகவே தயவுசெய்து இப்போது என்னை மட்டும் பார்க்காதீர்கள்.

அவனும் சிரித்தான். "நல்லா பண்ணினடா" என்று ரூமுக்கு வந்து சொன்னான். ஆனால் அதற்கப்புறம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "எஸ் சார்" சொல்வதை நிறுத்திவிட்டான். கையை மட்டும் தூக்குவான். எழுபது பேர் வகுப்பில் வாத்தியார் நிமிர்ந்து பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? ஆப்சென்ட் விழுந்தது. வருகை குறைந்து, அபராதம் கட்டித்தான் பரீட்சை எழுதினான். அந்தப் பணத்துக்கு அவன் வீட்டில் என்ன விற்றார்களோ, நான் கேட்கவில்லை. வாத்தியார் வேலைக்குப் போவதுதான் அவன் கனவு. அதையும் விட்டுவிட்டான்.

பல வருஷம் கழித்துச் சோமனூரில் அவன் போட்டிருந்த விசைத்தறிக் கூடத்துக்குப் போனேன். "ஏன்டா வாத்தியார் வேலைக்குப் போகல?" என்று அறிவில்லாமல் கேட்டேன். உள்ளே கூட்டிப் போனான். இருபது தறி தடதடவென்று ஓடுகிறது. யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. ஆட்கள் எல்லாரும் சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள். வெளியே வந்து நிதானமாகச் சொன்னான்: "பாத்தியா, இங்கே எல்லாரும் எனக்குச் சமம்டா." நான் மன்னிப்புக் கேட்டேன். "போச்சாது உடு, காப்பி குடி" என்றான். அன்றைக்குத்தான் அப்பா சொன்னது எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் எந்த மேடையைப் பார்த்தாலும் ஒரே கணக்குத்தான் போடுகிறேன். அடி யார்மேல் விழுகிறது? வாங்குகிறவரால் திருப்பிக் கொடுக்க முடியுமா? சிரித்துவிட்டு அவர் பந்திக்கு வருவாரா? வாரியாரும் பாப்பையாவும் மோகனும் இந்தக் கணக்கில் நூற்றுக்கு நூறு. 1974-இல் அடியேன் பூஜ்யம்.

இதை இங்கே சொல்லலாமா என்று நேற்றுப் பொழுதோட அவனிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அவனுக்கே உரிய நிதானத்தில் சொன்னான்: "தாராளமாச் சொல்லுடா. ஆனா என்னை மட்டும் மேடைக்குக் கூப்பிட்றாத. நான் பேச ஆரம்பிச்சா உங்களுக்கெல்லாம் சாப்பாடு ஆறிப்போயிரும்."

நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். சாப்பாடு சூடாக இருக்கும்போதே முடித்துக்கொள்கிறேன். பந்தியில் அவன் பக்கத்து இலை எனக்கு. யாரும் பிடித்துவிடாதீர்கள்.