திறந்த பாடமும் தேடினால் கிடைக்கும் பாடமும்

ஆசிரியர் ஒருவர் தம் வகுப்புக்கென ஆக்கிய பாடக்குறிப்பையோ வரைபடத்தையோ வினாத்தாளையோ பிறர் கட்டணமின்றி எடுத்தாளவும், தேவைக்கேற்ப மாற்றவும், மாற்றியதை மீண்டும் பகிரவும் முன்கூட்டியே இசைவளித்து வெளியிடும்போது அது திறந்த கல்வி வளம் எனப் பெயர் பெறுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. மறு ஆண்டு பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய மன்றத்தில் இப்பெயர் வழக்குக்கு வந்தது.

இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, திருத்தும் உரிமையோடு கிடைப்பது வேறு. அவ்வுரிமையை எழுத்தில் தருவதற்கென அமைந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களுள் மிகவும் தாராளமானது ஆக்கியோன் பெயரைச் சொன்னால் போதும் என்கிறது. சில உரிமங்களோ மாற்றப்பட்ட வடிவத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கருதப்படுவதால், வழிநூலுக்கு இடந்தராத இத்தகைய பாடம் தமிழ் ஆசிரியருக்குப் பாதி மூடிய கதவே ஆகும்.

உரிமம் சரியாக அமைந்தும் எவர் கண்ணிலும் படாமல் போகும் பாடங்களே தமிழில் மிகுதி எனலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பக்கம் திரையில் தமிழாகத் தோன்றினாலும், 'தமிழ்' என்ற சொல்லுக்கு அடியில் கணினி வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ஆகவே தேடுபொறி அதனைத் தமிழென்று அறிவதில்லை. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறிக்கு அப்பக்கத்தை மாற்றினாலன்றி இக்குறை தீராது. கையெழுத்துத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வழக்கமோ இதனினும் வீண். குழுவுக்கு வெளியே அது இல்லாத பொருளே.

தலைப்பு, வகுப்பு, பாடப்பொருள், உரிமம் முதலியவற்றைக் கூறும் விவரக் குறிப்பு, அதாவது மீத்தரவு, பாடத்தோடு இணைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை எனப்படுவதை இலங்கைப் பாடநூல்கள் ஒளித்தொகுப்பு என்பதால், இரு சொற்களையும் குறிப்பில் சேர்ப்பவரின் பாடம் தஞ்சாவூர் மாணவருக்கும் யாழ்ப்பாண மாணவருக்கும் ஒருசேரக் கிட்டும். எவரும் செலவின்றிச் செய்யக்கூடிய இச்சிறு காரியத்தைச் செய்வோர் சிலரே என்பது வியப்புக்குரியது.

இத்துறையில் தமிழுக்கு முன்னோடி இல்லாமலில்லை. பாடநூலன்றி இலக்கியத்துக்கென 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் வெளியிட்டு வருகின்றனர். அவர்தம் பெயர்களைத் தாங்கிய முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் கோப்பைப் பரப்பலாம் என்னும் நிபந்தனை, உழைத்தவருக்குரிய மதிப்பையும் பயன்படுத்துவோருக்குரிய உரிமையையும் ஒரே வரியில் காத்துவிடுகிறது. அந்நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டமையாலேயே ஒரு செய்யுள் அடியைத் தேடுவோர் இன்று நேராக அந்நூலைச் சென்றடைகின்றனர்.

கல்வி வளத்துக்கு இதற்கு மேலும் ஒன்று வேண்டியிருக்கிறது. பிடிஎஃப் கோப்பை மட்டும் வெளியிட்டால் ஒரு கணக்கில் உள்ள ஊர்ப்பெயரை மாற்றுவதற்கும் பிறர் முழுப் பக்கத்தையும் மறுபடி தட்டச்சிட நேர்வதால், திருத்தத்தக்க மூலக்கோப்பையும் உடன் வைப்பதே முறை.