காற்றுப் படகில் தூண்டில்: கடல்நீரேரியில் இறக்குவதற்கு முன்

(பச்சிலைப்பள்ளிப் பகுதிக்குத் திரும்பிய கடற்றொழில் குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியைப் பலபேர் எங்களிடம் கேட்கிறீர்கள். கனடாவில் இருக்கும் அண்ணன், சுவிசில் இருக்கும் மருமகன், விடுமுறைக்கு வந்தபோது காற்றடிக்கும் படகொன்றைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். மடித்தால் ஒரு பயணப் பைக்குள் அடங்கிவிடும். காற்றடித்தால் பத்தடி நீளம். இதை வைத்துக்கொண்டு தொழில் செய்யலாமா?

தூண்டில் போடலாம். வலைத் தொழிலுக்கு இது ஆகாது. ஈரவலையின் பாரம், ஈயக்கட்டை, வலையோடு வரும் நண்டு, முள், சிப்பி எல்லாமே இந்தத் தோலுக்குப் பகை. வீட்டுக் கறிக்கும், கையில் மிஞ்சினால் விற்பதற்கும் நாலு மீன் பிடிக்கலாம். அதற்கு மேல் இதிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எங்களிடம்தான் படகு இருக்கிறதே, வள்ள உதவிப் பட்டியலில் பெயர் கொடுக்கவில்லை" என்று ஒரு அம்மா சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எங்கள் கணக்கெடுப்பில் காற்றுப் படகை வள்ளமாக எழுதுவதில்லை. இருப்பதை மறைக்கவும் தேவையில்லை. பெயரைக் கொடுங்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். நான் வள்ளம் ஓடின குடும்பத்தில் பிறந்தவள் இல்லை, கலைப்பீடத்தில் படித்தவள். ஆனால் இந்தக் கரையில் தொழில் செய்த ஐயாமாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் இதைத் தயாரித்தேன்.

படகை முதல் நாளே தண்ணீருக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு முற்றத்தில் நிழலில் பாயைப் போட்டு, அதன் மேல் விரித்துக் காற்றடியுங்கள். கால்பம் அல்லது கைப்பம் போதும். லொறி ரயருக்குக் காற்றடிக்கும் கடைக்குக் கொண்டுபோனால் ஒரு நிமிடத்தில் தையல் பிரிந்துவிடும். சைக்கிள் ரயர் போலக் கல்லாக்கத் தேவையில்லை. எந்த அறைக்கு எவ்வளவு என்று படகிலேயே அச்சடித்திருப்பார்கள். சில படகுகளின் தோலில் சின்ன அளவுகோல் ஒன்றும் இருக்கும். காற்று ஏற ஏற அது நீளும். புத்தகத்தில் காட்டிய நீளம் வந்ததும் நிறுத்துங்கள். மொழி விளங்காவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் தோய்த்து, தையல், மூடி எல்லா இடமும் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கே ஓட்டை. குமிழி இல்லாவிட்டாலும் ஒரு இரவு அப்படியே விட்டு, விடியப் பாருங்கள். இரவுக் குளிரில் கொஞ்சம் தளர்வது வழக்கம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் சோர்ந்து கிடந்தால் அந்தப் பக்கத்தில் வருத்தம் இருக்கிறது. ஒட்டுவதற்குச் சைக்கிள் கடைப் பசை பிடிக்காது. படகோடு வந்த துண்டையும் பசையையும் கவனமாக வையுங்கள். அவை முடிந்திருந்தால் பீவிசி தோலுக்கான பசை என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டும் இடம் உப்பு இல்லாமல், ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் காயவிடுங்கள்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்ணீரில் இருக்கும்போது அளவாக இருந்த காற்று, மணலில் இழுத்துவைத்ததும் சூட்டில் விரியும். கரைக்கு வந்ததும் கொஞ்சக் காற்றைத் திறந்துவிட்டு நிழலில் வையுங்கள். மறுபடி இறக்கும்போது தண்ணீரின் குளிரில் தளர்ந்திருக்கும். அப்போது இரண்டு பம் அடித்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன வைப்பது? வெளிநாட்டு உறவுகள் தூண்டில் தடி, தடி தாங்கி, மீன் பார்க்கும் கருவி என்று எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் மீன் பார்க்கக் கருவி எதற்கு? கைத்தூண்டிலை ஒரு வெறும் போத்தலில் சுற்றுங்கள். கொளுக்கிகளை ரெஜிபோம் துண்டொன்றில் குத்தி வையுங்கள், ஒன்றுகூட அடியில் கிடக்கக் கூடாது. கத்திக்கு உறை வேண்டும். அடியில் பழைய பாயோ சாக்கோ விரியுங்கள். மீனுக்கு மூடியுள்ள வாளி. கெளிறு பட்டால் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் வாளிக்குள் போட வேண்டும். திருக்கை பட்டால் ஏற்றவே வேண்டாம், நூலை அறுத்துவிடுங்கள்.

இரும்பு நங்கூரம் வேண்டாம். உரப்பையில் மூன்று நாலு கிலோ மணல் போட்டுக் கட்டினால் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்கு இருக்கட்டும். அதை முன்னணியத்தில் கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் அலை ஏறி வந்து சரித்துவிடும். அவசரத்தில் ஒரே இழுவையில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். சவளையும் ஒரு கயிற்றால் படகோடு கட்டிவிடுங்கள். அது கைநழுவிப் போனால் பிறகு காற்றுத்தான் படகோட்டி.

நங்கூரத்துக்கும் ஈயக்கட்டைக்கும் கரையில் கிடக்கும் இரும்பைப் பொறுக்காதீர்கள். ரவையை உருக்கி ஈயம் எடுக்கலாம் என்று சில தம்பிமார் நினைக்கிறார்கள். முகமாலை, கிளாலிப் பக்கம் பல வருடம் முன்னரங்காக இருந்த நிலம். மண்ணில் புதைந்தது மழைக்கு மேலே வரும், சேற்றில் கிடந்தது வற்றுக்கடலில் தெரியும். தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள். இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளம் வைத்து, கிராம அலுவலரிடமோ பொலிசிலோ கண்ணிவெடி அகற்றும் குழுவிடமோ சொல்லுங்கள். படகு பாரமில்லை என்பதற்காகப் பற்றைக்குள்ளால் குறுக்குவழி பிடிக்கவும் கூடாது. சனம் நடந்து பழகிய பாதையால் போய், எல்லோரும் இறங்கும் துறையிலேயே இறங்குங்கள்.

காற்றைப் பற்றி ஐயாமாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வள்ளத்தில் பழகிய கணக்கு இதற்குச் சரிவராது. வள்ளம் தண்ணீருக்குள் அமர்ந்து போகும். இது மேலே மிதக்கும், தோல் முழுவதும் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். சோளகத்துக்குக் கிளாலிக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டாவது வரும். வாடைக்கு அப்படியில்லை. கரையிலிருந்து பரவைக்குள் வீசும், போகும்போது சுகமாக இருக்கும், திரும்பி வலிக்க முடியாது. வாடைக் காலத்தில் இந்தப் படகை மடித்து வீட்டில் வைப்பதுதான் என் அபிப்பிராயம். மற்றக் காலத்திலும் விடியப் போய், காற்று எழும்ப முன்னர் திரும்புங்கள். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்து வலியுங்கள். களைத்தபின் அது உங்களை வீட்டுப் பக்கம் கொண்டுவரும்.

அடியிலுள்ள செட்டையைக் கழற்றிவிட்டால் படகு ஒரே இடத்தில் சுழலும். சாதாளை நிறைந்த இடத்தில் அதே செட்டை சிக்கும். அப்படி இடத்தைத் தவிர்ப்பதே நல்லது. களங்கண்டி, சிறகுவலைத் தடிகளுக்குக் கிட்டப் போகாதீர்கள். தடியில் ஒட்டிய சிப்பி ஒரு உரசலில் தோலைக் கிழிக்கும். அது மட்டுமில்லை, அது இன்னொருவரின் பாடு. திரும்பி வந்த ஊரில் முதல் சண்டை மீனுக்காக வரக் கூடாது.

படகில் எழுதியிருக்கும் எடை முழுவதையும் ஏற்றாதீர்கள். இருவர் படகென்றால் ஒருவரும் சாமானும் என்று வையுங்கள். பிள்ளைகளை விளையாட்டுக்கும் ஏற்ற வேண்டாம். உயிர்காப்பு அங்கி கழுத்தில் மாட்டி, வார் கட்டியிருக்க வேண்டும். இருக்கைக்கு மெத்தையாகப் போடுவதற்கு அதைத் தரவில்லை.

தொழில் செய்யும் படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தில் உள்ளது. ஆகவே இறக்குவதற்கு முன்னர் கடற்றொழில் பரிசோதகரிடம் படகைக் காட்டிக் கேளுங்கள். சங்கத் தலைவருக்கும் சொல்லுங்கள். கிட்ட கடற்படைக் காவலரண் இருந்தால் அங்கும் தெரியப்படுத்துங்கள். பழக்கமில்லாத உருவமொன்று இருட்டில் மிதந்து வந்தால் அவர்களுக்கும் பதற்றம், உங்களுக்கும் ஆபத்து. இரவில் போகவே வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை சங்கக் கட்டடத்துக்குப் படகுகளைக் கொண்டு வாருங்கள். எல்லாவற்றுக்கும் காற்றடித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்ப்போம். பம்மும் பசையும் நாங்கள் கொண்டு வருவோம். பழைய பாய் இருந்தால் நீங்கள் எடுத்து வாருங்கள்.