மதிப்பெண் போட்டது யார்?

(திருநின்றவூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ரயிலில் வரும்போது உங்கள் ஊர் பூசலாரை நினைத்துக்கொண்டேன். காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டியவர். அதே நேரம் பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கட்டி முடித்திருந்தான். 'நாளைக்கு நான் திருநின்றவூர் போக வேண்டும், நீ நாளைத் தள்ளி வை' என்று சிவன் அவன் கனவில் வந்து சொன்னதாகப் பெரியபுராணக் கதை. சின்ன வயதில் இதை ஏழைக்கு இரங்கிய கதையாகத்தான் கேட்டேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. மனசில் கட்டிய அந்தணர் கதையில் இருக்கிறார். கட்டச் சொன்ன மன்னன் இருக்கிறான். கல் உடைத்தவன் இல்லை.

பல்கலைக்கழகத்தில் கலை படிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். நான் பறை குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். முதுகலை படிக்கும்போது ஒரு பறைக் கலைஞர் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்க வந்தார். தீ மூட்டி, தோல் எந்த அளவு காய வேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினார். அதிகம் காய்ந்தால் கிழியும், குறைந்தால் சத்தம் அமுங்கும். இடது கையில் நீளமான சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. என் இரண்டு கையும் ஒத்துப்போகவே ஒரு நாள் ஆனது. நான்காம் நாள் செய்முறைத் தேர்வு. மதிப்பெண் போட்டவர் குச்சியே பிடித்தறியாத பேராசிரியர். அண்ணனுக்கு ஒரு சால்வை, ஒரு கவர். டீக்கடையில் அவர் கேட்டார்: "தம்பி, மூணாவது சுத்துல உன் அடி தப்பிச்சே, எவ்ளோ போட்டாங்க?" பத்துக்கு ஒன்பது என்றேன். சிரித்துவிட்டார்.

சமூக அறிவியல் துறைகளில் கோட்பாடு ஒரு சாதிக்கும், அனுபவம் மற்ற சாதிகளுக்கும் என்று பங்கு பிரிந்து கிடப்பதை 2002இல் கோபால் குரு எழுதினார். கலைத்துறைக்கு அது இன்னும் பொருந்தும்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா? எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி பக்கம். தாத்தா சாவுக்குப் பறை அடித்தார். கூலி நெல். வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்பா பறையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு சிப்காட்டில் இரும்பு ஆலை வேலைக்குப் போனார். நான் ஒன்பது மார்க் வாங்கியதைச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. "அடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு நமக்கு ரெண்டு தலைமுறை ஆச்சு. நீ மார்க்குக்கு அடிக்கிறியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பறையின் தாளக்கட்டுகளைச் சொல்லித் தரும் பாடத்திட்டத்தில், அதைக் கீழே வைத்தவர்களின் வரலாறும் இருக்க வேண்டும். அதுவும் பறையைப் பற்றிய அறிவுதான்.

இதைச் செய்து காட்டியவர் கே.ஏ. குணசேகரன். இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை மேடை மேடையாகப் பாடினார், நாட்டுப்புறக் கலைகளை ஆய்வு செய்தார், 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை கற்பித்தார். பட்ட அவமானங்களை 'வடு' என்ற தன்வரலாறாகவும் எழுதினார். பாடகர் வேறு, பேராசிரியர் வேறு என்று அவரைப் பிரிக்க முடியாது. 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை நாம் இழந்ததும் அதே நாள்தான்.

2022இல் யுஜிசி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநர்களைப் பட்டம் இல்லாவிட்டாலும் பேராசிரியராக அமர்த்தலாம். அதில் நுண்கலையும் உண்டு. ஆனால் நிரந்தரப் பணியிடம் இல்லை, நான்கு ஆண்டுக்கு மேல் நீடிக்காது. கார்ப்பரேட் அதிகாரிக்கு அது ஓய்வுக்காலப் பெருமை. பறை ஆசானுக்கு? அப்புறம் மறுபடி சால்வைதானே. இருந்தாலும் அந்தக் கதவையும் தட்டச் சொல்கிறேன். நிரந்தரப் பணியும் இடஒதுக்கீடும் கேட்டுக்கொண்டே தட்டுவோம்.

என் ஆய்வேட்டுக்கு அந்த அண்ணனைத் தேர்வாளராக அழைக்கக் கேட்டேன். விதியில் இடமில்லை என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வாய்மொழித் தேர்வு எப்படியும் பொதுவில்தான் நடக்கும், பார்வையாளரும் கேள்வி கேட்கலாம். முன்வரிசையில் அண்ணனுக்கு இடம் பிடித்து வைப்பேன். அப்பா வருவாரா, தெரியவில்லை.