கைப்பேசியும் ஒரு வாசலே!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறேன். எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகும். அவனது சாந்தியும் சமாதானமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களது அடிச்சுவட்டில் நடந்த நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.

   

பள்ளிவாசலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோம். கைப்பேசியின் ஒலியை நிறுத்துகிறோம். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும், தஸ்பீஹ் முடிவதற்கு முன்பே சிலருடைய கை சட்டைப் பைக்குச் சென்றுவிடுகிறது. இதற்காக யாரையும் குறை கூற நான் இங்கு நிற்கவில்லை. அந்தச் சிறு கருவி நம் வீடுகளுக்குத் திறக்கப்பட்டிருக்கும் ஒரு வாசல் என்பதையும், வாசலுக்குரிய சட்டங்களை நம் மார்க்கம் நமக்கு என்றோ வகுத்துத் தந்துவிட்டது என்பதையும் நினைவூட்டவே விரும்புகிறேன்.

அனுமதி கேட்கும் மார்க்கம்

பிறர் வீடுகளில் அனுமதி பெறாமலும், அவ்வீட்டாருக்கு ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாதென்று ஸூரத்துந் நூரில் அல்லாஹ் ஈமான் கொண்டோருக்குக் கட்டளையிடுகிறான். திரும்பிப் போங்கள் என்று வீட்டார் கூறினால் திரும்பிவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்றும் கூறுகிறான் (24:27, 28). அதே அத்தியாயத்தில், பருவமடையாத குழந்தைகளும் கூட ஃபஜ்ருக்கு முன்பும், உடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் நண்பகலிலும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டுமென்று கற்றுத் தருகிறான் (24:58). பெற்ற பிள்ளைக்கே இந்த ஒழுங்கு என்றால், அந்நியரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் துவாரத்தின் வழியாக எட்டிப் பார்த்தார். அப்போது நபியவர்களின் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு ஒன்று இருந்தது. நீர் பார்ப்பதை நான் அறிந்திருந்தால் இதனால் உமது கண்ணைக் குத்தியிருப்பேன் என்று கடிந்துகொண்ட அண்ணலார், அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது.

கவனியுங்கள். அந்த மனிதர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, எதையும் களவாடவில்லை, பார்த்தார், அவ்வளவே. அகிலத்திற்கே அருட்கொடையாக வந்த கருணை நபி, அப்பார்வைக்கே இவ்வளவு கோபம் கொண்டார்கள். கணவன் மனைவியின் செய்திகளை அவளறியாமல் புரட்டுவதும், நண்பன் உறங்கும்போது அவன் கைப்பேசியைத் திறந்து படங்களைப் பார்ப்பதும் அந்தத் துவாரத்தில் கண் வைப்பது போன்றதே. துருவித் துருவி ஆராய வேண்டாமென்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் (49:12) அல்லாஹ் விதித்த தடை, திரைக்கும் பொருந்தும்.

நம் நாட்டின் உச்சநீதிமன்றமும் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வில், அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தது. நமக்கோ இது ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக வணக்கத்தோடு இணைந்த கடமை.

நாமே திறந்து வைத்த கதவு

தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் காட்டும் செயலிகளை நம்மில் பலர் வைத்திருக்கிறோம். அவற்றுள் புகழ்பெற்றது முஸ்லிம் புரோ. உலகெங்கும் ஒன்பது கோடி முறைக்கு மேல் தரவிறக்கப்பட்டிருந்த அச்செயலியைக் குறித்து 2020 நவம்பரில் ஓர் அதிர்ச்சியான செய்தி வெளியானது. அதைப் பயன்படுத்துவோர் எங்கெங்கே செல்கிறார்கள் என்ற விவரம் எக்ஸ்-மோட் என்னும் வணிக நிறுவனத்திற்குச் சென்றது. அந்நிறுவனம் திரட்டிய விவரங்களை விலை கொடுத்து வாங்கியோரில் அமெரிக்க இராணுவத்திற்கு ஒப்பந்தப் பணி செய்வோரும் இருந்தனர் என்பதே அச்செய்தி. தாம் இராணுவத்திற்கு நேரடியாக எதையும் விற்கவில்லை என்று செயலியை நடத்துவோர் விளக்கமளித்து, எக்ஸ்-மோட் உடனான தொடர்பைத் துண்டித்துக் கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமே அந்த எக்ஸ்-மோட் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து, வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வரும் விவரங்களை விற்கலாகாதென்று தடை விதித்தது.

இதைக் கேட்டு, செயலிகளே ஹராம் என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு செயலியை நிறுவும்போது அதுவும் நம்மிடம் அனுமதி கேட்கிறது. உங்கள் இருப்பிடத்தை அறியலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா என்று வாசலில் நின்று கேட்கிறது. நாமோ படிக்காமலேயே எல்லாவற்றிற்கும் ஆமென்று அழுத்திவிடுகிறோம். தொழுகை நேரத்தைக் கணிக்க ஊரின் பெயர் போதும். நம் தொடர்பு எண்கள் எதற்கு? மறுக்க வேண்டியதை மறுக்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. கைப்பேசியின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தச் செயலிக்கு எதைத் திறந்து விட்டிருக்கிறோம் என்று இன்றே பார்த்து, தேவையற்றதை அடைத்துவிடுங்கள்.

ஜாபிர் (ரலி) அவர்கள் தம் தந்தையின் கடன் விஷயமாக நபியவர்களின் கதவைத் தட்டினார்கள். யார் என்ற கேள்விக்கு, நான் என்று மட்டும் பதிலளித்தார்கள். அந்தப் பதிலை நபியவர்கள் விரும்பவில்லை (புகாரி). கதவைத் தட்டுபவர் தம்மை இன்னாரென்று தெளிவாகச் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இரகசிய எண்ணைக் கேட்பவருக்கும் இதே சட்டம்தான். யாரென்று உறுதியாகாத வரை கதவைத் திறக்காதீர்கள்.

எளிதென எண்ணும் பாவம்

நம் வாசல் வழியாக வெளியே செல்லும் செய்திகளுக்கும் பொறுப்பு நமக்கே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு பரப்பப்பட்டு, மதீனா ஏறத்தாழ ஒரு மாத காலம் கலங்கி நின்றது. அச்செய்தியை இட்டுக் கட்டியவர்கள் சிலர். நாவிலிருந்து நாவுக்குக் கடத்தியவர்கள் வேறு சிலர். கடத்தியவர்கள் அதை எளிதான காரியமென எண்ணினார்கள். அல்லாஹ்விடமோ அது மிகப் பெரிய பாவமாக இருந்தது என்று ஸூரத்துந் நூர் (24:15) எடுத்துரைக்கிறது.

2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலைத் தேடி உறவினர்களோடு காரில் வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அவ்வூர் மக்களின் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு காணொளி, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் இறுதிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டு, உண்மைக் கடத்தலென்று பரப்பினார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம் உயிர்களைப் பறிக்கும் வதந்திக்குத் துணையாயிற்று! அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதவாறு கட்டுப்படுத்தியது. நம் விரலுக்கு நிறுவனம் போட்ட கடிவாளம் அது. ஈமான் போட வேண்டிய கடிவாளம் ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது: தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்திற்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாம் என்பதே அந்த எச்சரிக்கையின் கருத்து (49:6).

சேவையும் கண்ணியமும்

அன்பர்களே! இக்கருவியால் விளைந்த நன்மைகளை நான் மறைக்க மாட்டேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே உணவு கிடைக்கும் என்ற தகவல்கள் கைப்பேசி வழியாகவே பரவின. பள்ளிவாசல்கள் கதவுகளைத் திறந்து, சமயம் பாராமல் மக்களுக்கு இடமளித்தன. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி, ஏலம் விடுவதாகக் காட்டி இணையத்தில் இழிவுபடுத்தினார்கள் சில கயவர்கள். பாதிக்கப்பட்ட சகோதரிகள் வாய்மூடி இருக்கவில்லை. அதே இணையத்தில் நீதி கேட்டார்கள். காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் குற்றவாளிகளெனக் கருதப்பட்டோர் கைது செய்யப்பட்டனர். உங்கள் மகளுக்கு இப்படியொரு துன்பம் நேர்ந்தால் அவளுடைய கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், அவளைக் குற்றவாளியாக்காதீர்கள். எட்டிப் பார்த்தவன் மீதே நபியவர்கள் கோபம் கொண்டார்கள்; வீட்டாரைக் கடிந்துகொள்ளவில்லை. அவளோடு நின்று, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

இவ்வளவும் சொன்ன நான், என் தவறு ஒன்றையும் இந்த மிம்பரில் நின்று சொல்லியாக வேண்டும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நம் மஹல்லாவில் அரிசியும் மளிகைப் பொருட்களும் வழங்கினோம். வாங்கியவர்களைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் வெளிநாட்டில் இருப்போர் ஆர்வத்தோடு உதவுவார்கள் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டார்கள். நல்ல நோக்கம்தானே என்று நானும் தலையசைத்தேன். உதவித் தொகை வரவும் செய்தது.

சில மாதங்கள் கழித்து, கணவரை இழந்த ஒரு சகோதரி தம் தாயாருடன் என்னைக் காண வந்தார். அவருடைய பிள்ளை படிக்கும் வகுப்பில் அந்தப் படத்தை யாரோ காட்டிச் சிரித்திருக்கிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறது. அந்தத் தாய் அழவில்லை. மெல்லிய குரலில் இவ்வளவுதான் சொன்னார்: "ஹஜ்ரத், நீங்கள் கொடுத்த அரிசி பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அந்தப் படம் மட்டும் இன்னும் தீரவில்லை."

எனக்கு நா எழவில்லை. மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதிய வசனங்கள் அப்போதுதான் எனக்குப் பாடமாயின. தர்மத்தைச் சொல்லிக் காட்டியும் மனத்தைப் புண்படுத்தியும் பாழாக்கிவிட வேண்டாமென்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:264). தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே. ஆயினும் மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்கிறான் (2:271). அங்கே வெளிப்படுத்தச் சொன்னது கொடுக்கும் செயலை, வாங்குபவரின் முகத்தையல்ல! கொடையாளிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா? அடுக்கி வைத்த மூட்டைகளைப் படமெடுக்கலாம், இரசீதைக் காட்டலாம், எத்தனை குடும்பங்கள் என்று எண்ணிக்கை சொல்லலாம்.

அந்தப் படங்களை நம் குழுவிலிருந்து நீக்கச் செய்தேன். ஆனால் எத்தனை கைப்பேசிகளில் அவை இன்னும் இருக்கின்றன என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார். அந்தப் பிள்ளையிடம் நான் எப்படிக் கேட்பேன்?

ஒருவர் உங்களிடம் பேசும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டால் அப்பேச்சே அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று திர்மிதியில் உள்ளது. இரகசியம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டியதில்லை. அவருடைய பார்வையே போதும். அப்படியானால் நம்மை நம்பி ஒருவர் தந்த நோய்ச் சான்றிதழும், கடன் விவரமும், பெண் வீட்டார் வரன் பார்ப்பதற்காக அனுப்பிய புகைப்படமும் எத்துணைப் பெரிய அமானிதங்கள்!

ஆகவே, இன்று முதல் நான்கு காரியங்களை உறுதி செய்துகொள்வோம். முதலாவது, பிறருடைய படத்தையோ எண்ணையோ அவரது அனுமதியின்றி எங்கும் அனுப்ப மாட்டோம். இரண்டாவது, உறுதி செய்யாத எச்செய்தியையும், அது நம் சமுதாயத்திற்குச் சாதகமானதாயினும், பரப்ப மாட்டோம். மூன்றாவது, மருத்துவ உதவி கோரும் செய்திகளில் நோயாளியின் படமும் முகவரியும் இடம்பெறாது. ஜமாஅத் பொறுப்பாளர் விசாரித்து, தம் எண்ணையே கொடுப்பார். நான்காவது, வரன் அமையாவிட்டால் வந்த புகைப்படத்தை அன்றே அழித்துவிடுவோம்.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஏடுகள் விரிக்கப்படும் அந்நாளில் நமக்கும் ஒரு திரை தேவைப்படும். அதை இவ்வுலகிலேயே பிறருக்காக நெய்து வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் கண்களையும் விரல்களையும் பாவத்திலிருந்து காப்பாயாக! எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! அறிந்தும் அறியாமலும் நாங்கள் புண்படுத்திய உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!