வெயிலூரில் ஓர் ஒயின் பிரிட்ஜ்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



தலைப்பைச் சொன்னதும் முன்வரிசையில் எழுந்த சிரிப்பு மேடை வரைக்கும் கேட்டது. "பசங்களுக்குப் பயன்படுற மாதிரி பேசுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. வெப்ப இயக்கவியலில் நல்ல மார்க் வாங்கிய ஒருவன் கடையில் எப்படிக் கோட்டை விட்டான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

நான் நெல்லித்தோப்புக்காரன். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் நம்முடையது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே 'சொல்தா' என்போம். என் பெரியப்பா ஒரு சொல்தா. என் மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது போர்தோ ஒயின் மூன்று பாட்டில் கொண்டுவந்தார். "பாப்பா புதுநன்மை வாங்குற அன்னிக்குத் திறக்கலாம்டா. அதுவரைக்கும் பத்திரமா வை" என்றார். எட்டொன்பது வருஷக் கணக்கு அது.

ஒயினை நீண்ட நாள் வைக்க 12 முதல் 14 டிகிரி வேண்டும். சமையலறை பிரிட்ஜ் 4 டிகிரி. சில வாரம் தாங்கும், வருஷக்கணக்கில் வைத்தால் உலர்ந்த குளிரில் கார்க் காய்ந்து காற்று புகுந்துவிடும். அலமாரியிலோ, அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். ஆகவே 12 பாட்டில் பிடிக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். இருந்ததிலேயே விலை குறைவு. சத்தமே இல்லை. முகப்பில் '12' என்று பச்சை எண் அழகாக எரிந்தது. ஹாலில் பார் அமைத்த பெருமையும் சேர்ந்துகொண்டது.

மூன்று கோடை போயிற்று. பெரியப்பா வந்திருந்தபோது ருசி பார்க்க ஒரு பாட்டில் திறந்தோம். வேகவைத்த பழ வாசனை. அவர் ஒரு வாய் குடித்தார், கிளாஸை ஓரமாக நகர்த்தினார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவுதான் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். ஹால் 36, பெட்டிக்குள் 21. முகப்பில் எரிந்தது நான் கேட்ட அளவு, பெட்டி கொடுத்த அளவு அல்ல!

காரணம் எளிது. அந்தப் பெட்டியில் கம்ப்ரஸர் கிடையாது. பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-இல் கண்டுபிடித்த தத்துவம்: இரண்டு வேறு கடத்திகளின் இணைப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அதிர்வு இல்லை, விலையும் குறைவு. ஆனால் இத்தகைய சிறு பெட்டிகள் அறையின் வெப்பத்தைவிடச் சுமார் 15, மிஞ்சினால் 20 டிகிரிதான் கீழே இறங்கும். 22 டிகிரி அறையில் ராஜா. நெல்லித்தோப்பு மே மாதத்தில் வெறும் அலமாரி. மின்செலவாவது மிச்சமா? என் பெட்டி 70 வாட்; கோடையில் எட்டாத இலக்கைத் துரத்தி 24 மணி நேரமும் ஓடியது. நாளைக்கு 1.68 யூனிட், மாதம் 50. இப்போது வைத்திருக்கும் கம்ப்ரஸர் பெட்டி 85 வாட். விட்டுவிட்டு ஓடுவதால் அதில் பாதிகூட வருவதில்லை.

கடைக்குப் போகிறவர்கள் முதலில் பெட்டியின் பின்புறம் குனிந்து பாருங்கள். தகவல் ஒட்டியிருக்கும் பட்டையில் பருவநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். 'என்' என்றால் சுற்றுப்புறம் 32 டிகிரி வரை, 'எஸ்.டி.' என்றால் 38, 'டி' என்றால் 43. நம் ஊருக்கு 'டி'. குறைந்தபட்சம் 'எஸ்.டி.' இந்த எழுத்தைக் கேட்டபோது விற்பனையாளர் தம்பி என்னை விநோதமாகப் பார்த்தார். பரவாயில்லை, நீங்களும் கேளுங்கள்.

12 பாட்டில் என்பது ஒல்லியான போர்தோ பாட்டில் கணக்கு. ஷாம்பெயின் பாட்டில் பருமன் அதிகம். கலந்து அடுக்கினால் எண்ணிக்கை குறையும். வெயில் படும் மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வெப்பத்தைப் பின்புறம் விடும் பெட்டியை பார் மேஜைக்குள் திணித்தால் மூச்சுத் திணறும், பத்து சென்டிமீட்டராவது இடம் விடுங்கள். உப்புக் காற்று ஊர், பின்னால் உள்ள சுருளை அவ்வப்போது துடையுங்கள்.

பட்ஜெட் இடித்தால் என் யோசனை இது: பழைய ஒற்றைக்கதவு பிரிட்ஜ் வீட்டில் இருந்தால், வெளியே பொருத்தும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட் வழியாக மின்சாரம் கொடுத்து, உணர்கருவியை உள்ளே விட்டு 13-இல் நிறுத்துங்கள். அழகாக இருக்காது, வேலை செய்யும். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரும் வையுங்கள். வாங்கி ஒரு மாதத்துக்குள் குடித்துவிடுபவர்களுக்கு இதுவும் வேண்டாம், வீட்டு பிரிட்ஜ் போதும்.

மீதி இரண்டு பாட்டிலும் இப்போது 13 டிகிரியில் படுத்திருக்கின்றன. பழைய பெட்டியில் மூன்று கோடையை அவையும் பார்த்தவைதான். வரும் மே மாதம் பாப்பாவுக்குப் புதுநன்மை. பெரியப்பா டிக்கெட் போட்டுவிட்டார். போனில் ஒயினைப் பற்றி இதுவரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.