பார்த்து நடக்க வேண்டாமா?
(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குழாய்ப் பழுதுக்காகப் பாதையைத் தோண்டுகிறோம். சம்ப் மூடியைத் திறந்து வைக்கிறோம். லிஃப்ட் வாசலைக் கழுவி ஈரமாகவே விட்டுவிடுகிறோம். யாராவது விழுந்தால், "பார்த்து நடக்க வேண்டாமா?" என்கிறோம். சட்டமோ, "பார்க்கும்படி வைத்தீர்களா?" என்று நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

1956-இல் லண்டன் மின்வாரிய ஊழியர்கள் ஒரு நடைபாதையில் பள்ளம் தோண்டினார்கள். எச்சரிக்கையாக, நீளக் கைப்பிடி கொண்ட ஒரு சுத்தியலைக் குறுக்கே சாய்த்து வைத்தார்கள். கண் தெரிந்தவர்களுக்கு அது போதும். ஆனால் வெள்ளைக் கோலுடன் வேலைக்குப் போன பார்வையற்ற ஒருவரின் கோலில் அது தட்டுப்படவில்லை. தடுக்கி விழுந்தவர் செவித்திறனையும் இழந்தார். கீழ் நீதிமன்றங்கள் அவருடைய வழக்கை ஏற்கவில்லை. 1964-இல் பிரபுக்கள் சபை அந்தத் தீர்ப்பை மாற்றியது. பார்வையற்றவர்களும் தெருவில் தனியே நடப்பார்கள் என்பது எதிர்பார்க்கக் கூடியதே; அவர்களையும் மனதில் வைத்துத் தடுப்பு அமைத்திருக்க வேண்டும் என்றது.

நம் நாட்டிலும் பராமரிப்புக் கடமை கடுமையானதுதான். டெல்லி சாந்தினி சௌக்கில் 1951-இல் மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1966-இல் மாநகராட்சியையே பொறுப்பாக்கியது. சாலையோரக் கட்டடத்தின் பழுது வெளியே தெரியவில்லை என்ற சமாதானம் எடுபடவில்லை.

"வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டோமே" என்று சிலர் கேட்கலாம். பால்காரரும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்களா? ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி இருக்கிறார்களா? எச்சரிக்கை, அந்த வழியே நடக்கப் போகிறவரைச் சென்று சேர வேண்டும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தோண்டிய இடத்தைச் சுற்றி, கைத்தடிக்கும் தட்டுப்படும்படி நான்கு பக்கமும் தடுப்பு வையுங்கள். இருட்டினால் சிவப்பு விளக்கு எரியட்டும். எதிர்பாராத ஒற்றைப் படிக்கும் வேகத்தடைக்கும் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். உடைந்த மூடியைக் கண்டால், தாண்டிப் போகாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பழுது தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் நம் பக்கம் நியாயம் பேச எதுவும் இருக்காது.

விழுந்தவர் கவனக்குறைவாக நடந்திருந்தால் நஷ்டஈடு குறையலாம். நம் பொறுப்பு முழுவதும் நீங்கிவிடாது. சங்கம் கொடுக்க நேர்ந்தால், அது நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணம்தான். அந்தப் பணத்தில் ஒரு தடுப்பு வாங்கி வைப்பது எளிது. உடைந்த இடுப்பெலும்பை எந்தப் பணமும் பழையபடி ஆக்காது.