ஞாயிற்றுக்கிழமை ஓடாதவர்



இன்று பட்டம் பெறும் தம்பி தங்கையரே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிற உங்களிடம் நீட்டி முழக்குவது நியாயமில்லை. நவீன கலாசாரத்தின் நடுவே கிறிஸ்தவ ஒழுக்கம் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கைப்பேசியைத் திட்டி, சினிமாவைத் திட்டி, உங்களையும் கொஞ்சம் திட்டிவிட்டுப் பொன்னாடையோடு வீடு போய்ச் சேருவார்கள். நான் சினிமாவிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாக் காட்சியை உங்களில் பலர் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். நம்முடைய மிஸ்டர் பீன், அதாவது ரோவன் அட்கின்சன், பெரிய இசைக்குழுவுக்கு நடுவே உட்கார்ந்து ஒரே கட்டையை ஒரே விரலால் சலிப்போடு தட்டிக்கொண்டிருப்பார். கடற்கரையில் வெள்ளை உடையில் ஓடுகிற கூட்டத்தோடு தானும் ஓடுவதாகக் கனவு காண்பார். அந்த இசை 1981-இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற படத்துக்காக வாங்கெலிஸ் அமைத்தது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கிய படம். யாராவது ஸ்லோமோஷனில் ஓடினால் மீம் போடுகிறவர்கள் இன்றும் பின்னணியில் ஓடவிடுவது அதைத்தான். அந்தப் படத்தின் நாயகர்களில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று சொன்ன ஒரு கட்டுப்பெட்டிக் கிறிஸ்தவர். பெயர் எரிக் லிடல்.

1902-இல் சீனாவின் தியென்ஜின் நகரில், ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்துக்கொண்டே ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார். 1923-இல் 100 கஜத்தை 9.7 விநாடியில் ஓடினார். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் இவருக்குத்தான் என்று பிரிட்டன் நம்பிக்கொண்டிருந்தது. ஆனால் முதல்சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. முடியாது என்றுவிட்டார்.

படத்தில் இந்த இடம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். கப்பலில் ஏறப்போகும்போது ஒரு பத்திரிகைக்காரர் சொல்லித்தான் லிடலுக்கு விஷயமே தெரிகிறது. முகம் மாறுகிறது. பிறகு வேல்ஸ் இளவரசரும் பெரிய மனிதர்களும் ஓர் அறையில் உட்கார்ந்து அவரை மடக்கப் பார்க்கிறார்கள். அருமையான காட்சி, விசில் அடிக்கலாம். ஆனால் நடந்தது அதுவல்ல. போட்டி அட்டவணை மாதக்கணக்கில் முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது. அப்போதே முடிவெடுத்து, சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டு, டாம் மெக்கெர்ச்சர் என்ற பயிற்சியாளரோடு 400 மீட்டருக்குத் தயாராகத் தொடங்கிவிட்டார். பத்திரிகைகளில் திட்டினார்கள், தேசப்பற்று இல்லாதவன் என்றுகூடப் பேசினார்கள். அவர் பாட்டுக்குப் பயிற்சி எடுத்தார்.

எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. விசுவாசம் என்றால் கப்பல் படியில் நின்று வசனம் பேசுவது என்று சினிமா நினைக்கிறது. நம் சாட்சிக் கூட்டங்களிலும் அப்படித்தான் சொல்லிப் பழக்கிவிட்டோம்: கடைசி நேரம், கண்ணீர், ஆண்டவர் வழி திறந்தார். உண்மையில் லிடல் செய்தது, முடிவை முன்கூட்டியே எடுத்ததும், அந்த முடிவு கேட்கிற கூடுதல் உழைப்பைத் தானே செய்ததும்தான். 100 மீட்டர் ஓடுகிறவருக்கு 400 மீட்டர் என்பது வேறு ஓட்டம். மூச்சைப் பங்கிட வேண்டும், வளைவைப் பழக வேண்டும். ஞாயிறு ஓடமாட்டேன் என்று சொல்ல அரை நிமிடம் போதும். இந்தப் பழக்கத்துக்கு மாதங்கள் பிடித்தன.

ஜூலை 11, கொலம்ப் மைதானம். இறுதிப் போட்டி. கடைசி ஓடுபாதை லிடலுக்கு. வளைவுக்காகப் புறப்படும் இடத்தைத் தள்ளி வைத்திருப்பார்கள் அல்லவா, அதனால் மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பின்னால். யார் எங்கே வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. கால் ஊன்றும் கட்டைகள் அப்போது புழக்கத்தில் இல்லை. ஓடுகிறவரே கையில் சிறு கரண்டியை வைத்துக்கொண்டு தரையில் குழி தோண்டிக் கால் பதிக்க வேண்டும். தோண்டினார். அன்று காலையில் அணியின் மசாஜ்காரர் அவர் கையில் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்திருந்தார். 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்து வசனம் ஒன்றை நினைவூட்டுகிற நாலு வரி. (படத்தில் அதை அமெரிக்க ஓட்டக்காரர் கையால் கொடுக்க வைத்துவிட்டார்கள். மசாஜ்காரருக்கு சினிமாவில் என்ன மதிப்பு?) முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் கடந்தார். பார்த்தவர்கள் இவர் பாதியில் விழுந்துவிடுவார் என்றார்கள். விழவில்லை. 47.6 விநாடி, தங்கம். ஒரு வாரத்துக்குள் எடின்பரோவில் அவருக்குப் பட்டமளிப்பு விழா. அங்கி அணிந்த மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள். உங்கள் நண்பர்கள் இன்று அப்படிச் செய்தால் காவல்துறை அனுமதி வாங்கச் சொல்லுங்கள்.

ஓடாததால் தங்கம் கிடைத்தது, ஆகவே நீங்களும் கட்டுப்பாட்டோடு இருந்தால் ஆண்டவர் தங்கமாகக் கொட்டுவார் என்று நான் சொல்ல வரவில்லை. அது தொலைக்காட்சிப் பிரசங்கம். தொடர் ஓட்டங்களும் ஞாயிற்றுக்கிழமையே வந்ததால் அவற்றிலிருந்தும் லிடல் விலகினார். பிரிட்டன் அணி ஒன்றில் வெள்ளி, ஒன்றில் வெண்கலம் வாங்கியது. அவர் இருந்திருந்தால் தங்கமா? யாருக்குத் தெரியும். அணித் தோழர்கள் மனத்தில் ஒரு கசப்பு இருந்திருக்கலாம். கொள்கைக்கு விலை உண்டு. சில நேரம் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அதில் கொஞ்சம் பங்கு விழுந்துவிடுகிறது. லிடல் தன் பங்கை முழுதாகக் கட்டினார். லிடல் ஓட மறுத்த அந்த முதல்சுற்றில் ஞாயிற்றுக்கிழமை ஓடிய ஹரால்ட் ஆபிரகாம்ஸ்தான் 100 மீட்டர் தங்கத்தை வாங்கினார். அவரை ஓடாதே என்று லிடல் சொல்லவில்லை.

உங்களில் பலருக்கு இது தூரத்துக் கதை இல்லை. போட்டித் தேர்வுகளில் பல ஞாயிற்றுக்கிழமை நடக்கின்றன. ஹால்டிக்கெட் வந்த பிறகு, சனிக்கிழமை ராத்திரி போதகர் வீட்டுக் கதவைத் தட்டி "ஐயா, போகட்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனையில் ஞாயிறு வேலை பார்க்கிற செவிலியரும், பேருந்து ஓட்டுகிறவரும் நம் சபையில்தான் இருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எடுக்கிற முடிவு பெரும்பாலும் முடிவே இல்லை. பயமோ ஆசையோ, எது பலமோ அது இழுத்துக்கொண்டு போகும்.

பழைய வீடுகளின் கட்டுப்பாடுகளை நீங்கள் கேலி செய்வீர்கள். நானும் செய்திருக்கிறேன். தியேட்டர் பக்கம் போகாதே, ஞாயிறு கடைக்குப் போகாதே, ராத்திரி ஜெபம் முடியாமல் சோறு கிடையாது. பாயை விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அப்பா நீளமாக ஜெபிக்க, சின்னது சுவரில் சாய்ந்து தூங்கி விழ, அடுக்களையில் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும். அலுப்புதான். ஆனால் இன்று யோசித்தால், அந்த வீட்டில் ஒரு நாள் எங்கே முடிகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ரீல்ஸ் முடிவதில்லை, முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். கெட்ட காட்சியைத்தான் காட்டுகிறது என்று சொல்ல முடியாது, நல்ல பிரசங்கமும் அதில் வருகிறது. ஆனால் நல்லதைப் பார்த்துக்கொண்டே ராத்திரி இரண்டு மணி ஆகிவிடுகிறது. வாரத்தில் ஒரு நாளை யாருக்கும் விற்க மாட்டேன் என்று சொல்ல முடிந்தவனிடம் இந்த வியாபாரம் கொஞ்சம் திணறும். ஓய்வுநாள் ஆசரிப்பு என்ற பழைய பஞ்சாங்கச் சமாசாரத்தை நான் இன்னும் விடாமல் பிடித்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

சபையும் சும்மா இல்லை. ஆராதனை மேடையில் புகை விடுகிறோம், வண்ண விளக்கு சுழல்கிறது, பிரசங்கத்தின் நடுவில் கேமராவைப் பார்த்து 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்கிறோம். சினிமாவுக்குப் போகாதே என்று சொன்ன சபை, சினிமாவை உள்ளே கொண்டுவந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மேடையில் இருக்கும் பேராயர் எழுந்துவிடுவார்.

லிடலின் கதையில் படம் காட்டாத பகுதிக்கு வருகிறேன். 1925-இல் அவர் சீனாவுக்குத் திரும்பி, தியென்ஜின் கல்லூரியில் அறிவியல் ஆசிரியரானார். போர் நெருங்கியபோது 1941-இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அங்கே அடைபட்டிருந்தார்கள். ஆய்வகம் கிடையாது; வேதியியல் கருவிகளைக் கையாலேயே படம் வரைந்து பாடம் நடத்தினார். பிள்ளைகளுக்கு விளையாட்டும் அவர்தான் ஏற்பாடு செய்தார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிறு பையன்களும் பெண்களும் தாங்களாகவே ஹாக்கி ஆடப் போய், நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடல் விசிலோடு மைதானத்தில் நின்றார்.

ஒலிம்பிக் தங்கத்துக்காக ஞாயிறு ஓடாதவர், சண்டை போடுகிற பிள்ளைகளுக்காக ஞாயிறு நடுவராக நின்றார். கொள்கையில் தளர்ந்துவிட்டாரா? நம் மூத்தவர்களில் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முதல் முறை ஞாயிறைக் காத்ததற்கு விலை கொடுக்க வேண்டியவர் அவர். இரண்டாம் முறை காத்திருந்தால் விலை கொடுத்திருக்க வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள். தன் பையிலிருந்து கட்டத் தயங்காதவர், பிள்ளைகள் பையில் கைவிட மறுத்தார். 1945 பிப்ரவரி 21-இல் மூளைக்கட்டியால், 43 வயதில், அதே முகாமில் இறந்தார். கிழிந்துபோன தன் ஓட்டக் காலணியை ஒரு பையனுக்குக் கொடுத்திருந்தார். பகைவருக்காக ஜெபிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அவன் வளர்ந்து ஜப்பானுக்கே மிஷனரியாகப் போனான்.

விலையை யார் கட்டுகிறார்கள் என்ற இந்த அளவுகோலை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் கொஞ்சம் சுடும். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று எழுதி அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். நாம் இன்றும் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார்கூட, மிஷனரிகளின் சாதிச் சீர்திருத்தத்தை எதிர்த்து எழுதியவர்தான். முன்னோர் வழக்கத்தைக் காக்கிறோம் என்பதே அவர்கள் வாதம். அந்த வழக்கத்துக்கு விலை கட்டியவர்கள், கோயிலில் மறுபக்கம் உட்கார வைக்கப்பட்டவர்கள். தஞ்சாவூர்க் கோயிலில் இன்று அந்தத் தடுப்பு இல்லை. கல்யாணப் பேச்சில் இருக்கிறது. "எந்தச் சபை?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, "சொந்த ஊர் எது?" என்று கேட்கிறார்கள் பாருங்கள், அந்த இரண்டாவது கேள்வி ஊரைப் பற்றியது அல்ல என்று இந்த அரங்கில் எல்லாருக்கும் தெரியும்.

பவுன் கணக்கும் அப்படித்தான். வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. மகன் சினிமாவுக்குப் போனால் ஜெபக்குழுவில் வைத்து அழுகிற அம்மா, அவனுக்கு எத்தனை பவுன் வரும் என்று கூசாமல் கேட்கிறார். திருமண ஓலை வாசிக்கும்போது தடை உண்டா என்று சபையில் மூன்று முறை கேட்கிறோம். இதை யாரும் தடையாகச் சொன்னதில்லை. சினிமாவைத் தள்ளிவைக்க நமக்குப் பெரிதாக எதுவும் செலவாகவில்லை. இதைத் தள்ளிவைத்தால் செலவு உண்டு, அதனால்தான் தொடாமல் இருக்கிறோம்.

தம்பிமாரே, உங்களிடம்தான் குறிப்பாகச் சொல்கிறேன். இன்னும் ஓரிரு ஆண்டில் உங்களுக்கு வேலை கிடைக்கும். கிடைத்த மறுவாரம் தரகர் வீட்டுக்கு வருவார். பெரியவர்கள் முன்னறையில் பேசும்போது, "அதெல்லாம் அப்பா பார்த்துக்குவாங்க" என்று மாடிக்குப் போய்விடாதீர்கள். அந்த நேரத்தில் வந்து நின்று வசனம் பேசினாலும் எடுபடாது. பெண் வீட்டார் முன்னால் அப்பாவுக்கு அவமானமாகிவிடும், சண்டைதான் மிஞ்சும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், பட்டச் சான்றிதழை அம்மா கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "எனக்கு நகையும் வேண்டாம், காரும் வேண்டாம், ஊர் விசாரிக்கவும் வேண்டாம்." சிரிப்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு யார் செய்வது என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அந்தப் பணத்தை உழைத்துச் சேர்க்க உங்களுக்கு இப்போது காலம் இருக்கிறது.